பாம்பேய் வீடுகளில் அடுப்பங்கரை ஏன் இவ்வளவு சின்னது?

வெண்பூசணி:
சமீபத்தில் குழுவாக இத்தாலி போனபோது, வெசூவியஸ் எரிமலை வெடித்ததில் புதைந்துபோன ரோமானிய ஊரான பாம்பேயும் பார்த்தோம். வெட்டியஸ் சகோதரர்கள் வீட்டுக்குள் கூட்டிப் போனார்கள். சுவரெல்லாம் சிவப்பு, மஞ்சள், கறுப்பில் ஓவியம், நடுவில் தூண்கள் சுற்றிய தோட்டம். வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தால் சப்பென்று ஆகிவிட்டது. இடுப்பு உயரத்துக்கு ஒரு அடுப்பு மேடை, அதன் முன்னால் இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்ள வேண்டும். புகைபோக்கி இல்லை. வேறு சில வீடுகளில் மேடைக்குப் பக்கத்திலேயே கக்கூஸ், ஒரு மறைப்புகூடக் கிடையாது!

இவ்வளவு காசு கொட்டி வீடு கட்டியவர்கள் சமைக்கிற இடத்தை மட்டும் ஏன் இப்படி விட்டார்கள்? கூட வந்தவர்கள் "எல்லாரும் ஹோட்டலில் சாப்பிட்டிருப்பார்கள்" என்று முடித்துவிட்டார்கள். வழிகாட்டிக்கு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற அவசரம். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கொத்தமல்லி:
காலை டிபன் நேரத்தில் இந்த இழையைத் திறந்தது என் குற்றம்தான்.

பழஞ்சுவடி:
அது வீட்டுக்காரரும் வீட்டுக்கார அம்மாவும் நிற்கிற இடம் இல்லை. அடிமைகளின் இடம். காசு எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள்: வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் முற்றம், நடுவில் மழைநீர் விழும் தொட்டி, அதற்கு நேர் எதிரே எசமானர் உட்கார்ந்து ஆட்களைப் பார்க்கும் கூடம், அதைத் தாண்டித் தோட்டம், சாய்ந்து படுத்தபடி விருந்து சாப்பிடும் அறை. காலையில் வணக்கம் சொல்லவும் உதவி கேட்கவும் ஆட்கள் வருவார்கள். சில பெரிய வீடுகளுக்கு வெளியே, தெருவோரமாகவே, கல் பெஞ்சு கட்டியிருக்கிறார்கள். வருகிறவன் கண்ணில் எது படுமோ அதற்குத்தான் செலவு.

நீங்கள் பார்த்த வீட்டில் பெரிய முற்றத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன முற்றம் இருந்திருக்குமே, குலதெய்வ மாடத்தில் பாம்பு வரைந்திருப்பார்கள். அடுப்படி அந்தப் பக்கம்தான். தோண்டியபோது வெண்கலப் பாத்திரங்கள் அடுப்பு மேலேயே கிடைத்தன. மேடை மேல் கரித்தணலைப் பரப்பி, இரும்பு முக்காலி வைத்து, அதன்மேல் பாத்திரம். கீழே வளைவாக இருக்கும் பொந்து விறகும் கரியும் அடுக்க. தணலைத் தள்ளிக் கூட்டிக் குறைத்தால் நாலைந்து பாத்திரத்தை ஒரே சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம். இடம் சின்னதுதான், ஆனால் விருந்துக்குப் போதும். தவிர எல்லாச் சமையலும் அங்கே நடக்கவில்லை. தூக்கிப்போகிற கரியடுப்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன.

செங்கல்சூளை:
கட்டட வேலையிலேயே காலம் தள்ளியவன், கக்கூஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். பாத்திரம் கழுவிய தண்ணீர், காய்த்தோல், மீன் செதில் எல்லாம் கொட்ட ஒரு குழி வேண்டும். மனிதக் கழிவுக்கும் ஒரு குழி வேண்டும். ஒரே குழியில் இரண்டையும் முடித்துவிட்டார்கள். கழுவிய தண்ணீரே கக்கூஸையும் அலசிவிடும்.

பெரும்பாலான வீட்டுக் கக்கூஸ்கள் தெருச் சாக்கடையோடு சேரவே இல்லை. வீட்டுக்கு அடியிலோ நடைபாதைக்கு அடியிலோ உள்ள குழிக்குத்தான் போகும். நீர் மண்ணில் ஊறி இறங்கும், மிச்சத்தை அவ்வப்போது ஆள் வைத்து அள்ள வேண்டும். சேர்க்காததற்கும் நியாயம் உண்டு. இன்றைக்குக் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கிறதே, அந்த ஏற்பாடு அவர்களிடம் இல்லை. சாக்கடையோடு சேர்த்தால் எலி நேரே அடுப்படிக்கு வரும்.

இன்னொன்று கவனித்தீர்களா? பல வீடுகளில் சுவருக்குள் சுட்டமண் குழாய் மேலிருந்து கீழே இறங்கும். மாடியிலும் கக்கூஸ் இருந்திருக்கிறது. மாடி போய்விட்டது, குழாய் நிற்கிறது.

பாலை_நிலவன்:
> அடிமைகளின் இடம்

பழஞ்சுவடி ஐயா, வெட்டியஸ்கள் இருவருமே அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்றுதானே பெரும்பாலும் சொல்கிறார்கள்? அப்படியானால் இளவயதில் அந்தப் புகையில் நின்றவர்களாகவே இருக்கலாம்.

பழஞ்சுவடி:
இருக்கலாம். கையில் காசு வந்து வீடு வாங்கியபோது அடுப்படியைப் பெரிதாக்கவில்லை, ஓவியர்களைத்தான் கூப்பிட்டார்கள். கி.பி. 62இல் வந்த நிலநடுக்கத்தில் ஊரே ஆட்டம் கண்டது. அதற்குப் பிறகு புதுப்பித்த வீடு அது. செலவு முழுக்க விருந்தினர் பக்கம்.

பாலை_நிலவன்:
சரி, ஹோட்டல் விஷயத்துக்கு வருகிறேன். தெர்மோபோலியம் என்று பெயர் போட்டுத் தெருவுக்குத் தெரு காட்டுகிறார்களே, எல் வடிவக் கல்லாமேடை, அதில் பதித்த ஜாடிகள். ஜாடியில் சூடாகக் குழம்பு இருக்கும், அதை அள்ளி ஊற்றுவார்கள் என்பது சுற்றுலாக் கதை. அந்த ஜாடி மெருகு பூசாத மண்ஜாடி, மேடையோடு சேர்த்துப் பூசியது. வெளியே எடுக்க முடியாது, கழுவவும் முடியாது. அதில் குழம்பு ஊற்றினால் மூன்றாம் நாள் தெருவே காலி. கடலை, பருப்பு, உலர்ந்த பழம் மாதிரி சாமான்தான் போட்டிருப்பார்கள் என்கிற ஆய்வாளர்கள் பக்கம்தான் நான். லூசியஸ் வெடூடியஸ் பிளாசிடஸ் கடையில் ஒரு ஜாடிக்குள் கிட்டத்தட்ட 3 கிலோ காசு இருந்தது. குழம்புச் சட்டியிலா கல்லாக்காசைப் போடுவான்?

பழஞ்சுவடி:
அந்தக் கடைசி ஜாடியை எரிமலை வெடித்த அன்றைக்கு அவசரத்தில் பயன்படுத்தியிருக்கலாம், வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அதை வைத்து எல்லா ஜாடிக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2020 டிசம்பரில் அறிவித்தார்களே, ஐந்தாம் வட்டாரத்துக் கடை, மேடை முகப்பில் வாத்தும் சேவலும் வரைந்தது. அங்கே பாத்திரங்களுக்குள் வாத்து, பன்றி, ஆடு, மீன், நத்தை மிச்சமெல்லாம் கிடைத்தன. ஒரு ஜாடியின் அடியில் இடித்த மொச்சை வகை, மதுவோடு சேர்த்தது. ஆகவே சமைத்த சாப்பாடும் விற்றார்கள், சந்தேகமே இல்லை. எல்லா ஜாடியிலும் விற்றார்களா என்பதுதான் கேள்வி.

பாலை_நிலவன்:
கடையில் சமைத்தார்கள் என்பதை நான் மறுக்கவே இல்லை, கடைக்குப் பின்னால் அடுப்பு இருக்கிறது. ஜாடி பற்றி மட்டும்தான் சொன்னேன்.

கொத்தமல்லி:
விலைப்பட்டியல் ஏதாவது கிடைத்ததா? அதுதான் முக்கியம்.

பழஞ்சுவடி:
கிடைத்தது. ஹெடொனே என்ற பெண் நடத்திய மதுக்கடைச் சுவரில்: ஒரு ஆஸ் காசு கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் இன்னும் நல்லது, நான்கு கொடுத்தால் ஃபலெர்னியன். ஃபலெர்னியன் என்றால் அந்தக் கம்பானியா வட்டாரத்திலேயே பெயர் போன உயர்ந்த மது. 16 ஆஸ் சேர்ந்தால் ஒரு தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு.

சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது. ஒரு வீட்டு முற்றச் சுவரில் யாரோ தினசரிச் செலவைக் கீறிவைத்திருக்கிறார். ரொட்டி, எண்ணெய், மது, வெங்காயம், பாலாடைக்கட்டி, ஒரு நாள் பேரீச்சம்பழம். எஜமானருக்கு ஒரு ரொட்டிக் கணக்கு, அடிமைக்குத் தனியாக ஒரு ரொட்டிக் கணக்கு. ரொட்டியை வீட்டில் சுடுவது பெரும்பாலும் இல்லை, பேக்கரியில் வாங்குவதுதான். மொதெஸ்துஸ் பேக்கரி என்று சொல்லப்படும் இடத்தில் அடுப்புக்குள்ளேயே 81 ரொட்டி கரியாகிக் கிடந்தன. வட்ட ரொட்டி, பிய்க்கத் தோதாக எட்டுத் துண்டாகக் கீறியது.

அலைகடல்:
கம்பானியா மது என்றதும் ஞாபகம் வந்தது. அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் தோண்டி எடுத்த மதுச்சாடி ஓடுகளில் ஒரு வகை இந்த நாப்போலி (நேப்பிள்ஸ்) வளைகுடாப் பக்கத்தில் செய்தது. வெசூவியஸ் எரிமலை மணல் கலந்த மண் என்பதால், உடைந்த ஓரத்தில் கறுப்புத் துகள் மினுங்கும். அந்தத் துகளை வைத்தே ஊரைச் சொல்லிவிடுகிறார்கள். திரும்புகிற கப்பலில் மிளகு. ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய விலை, கறுமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ். ஹெடொனே கடையில் 64 கோப்பை மலிவு மது! அந்தப் பிளினி இதே எரிமலை வெடித்தபோது கப்பலோடு உதவிக்குப் போய் இறந்தவர். நம் ஆட்களும் அங்கே போய்க் கடை போட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்...

மட்டுறுத்துநர்:
கடைசி வரிக்கு ஆதாரம் இருந்தால் தனி இழை திறங்கள். இங்கே வீடும் வாழ்க்கையும் மட்டும்.

நாப்போலித் தம்பி:
நான் நாப்போலியில்தான் வேலை செய்கிறேன். லீவு நாளில் ஊரில் இருந்து ஆட்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போவது என்ரை தலையில்தான் விழும். எல்லோரும் பாம்பேய் பாம்பேய் என்று நிற்பார்கள். வெண்பூசணி அக்கா கேட்டதுக்குப் பதில், அதே எரிமலையில் புதைந்த பக்கத்து ஊர் ஹெர்குலேனியத்தில் இருக்கிறது.

பாம்பேயில் முதலில் விழுந்தது நுரைக்கல். கூரைமேல் மீட்டர்கணக்கில் குவிய, பாரம் தாங்காமல் மேல்தளங்கள் உட்கார்ந்துவிட்டன. நீங்கள் பார்க்கிறது அநேகமாகக் கீழ்வீடு மட்டும். ஹெர்குலேனியத்தை மூடினது வேறு மாதிரி, கொதிக்கும் சாம்பலும் வாயுவுமாக அலை அலையாக வந்து, கடைசியில் 20 மீட்டர் அளவுக்கு மூடிவிட்டது. அதனாலே மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி நின்றது. கதவு, கட்டில், அலுமாரி, மாடிப்படி எல்லாம் இருக்கு.

அங்கே காசா அ கிராத்திச்சியோ என்று ஒரு வீடு. மரச்சட்டத்துக்கு நடுவில் கல்லும் சாந்தும் அடைத்துக் கட்டினது, தெருப்பக்கம் மாடம் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே ஒரு குடித்தனம், மாடிக்குத் தனி வாசல், தனிப் படி. மேலே இருந்த ஆட்களுக்கு ஓவியக் கூடமும் இல்லை, தோட்டமும் இல்லை. குசினி என்று சொல்ல ஒரு மூலைதான்.

செங்கல்சூளை:
அந்தக் கட்டுமுறையை, கட்டடக்கலை நூல் எழுதிய ரோமானியர் விட்ருவியஸ் திட்டித் தீர்த்திருக்கிறார், கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம், தீப்பந்தம் மாதிரிப் பற்றிக்கொள்ளும் என்று. ஆனால் மலிவு, சீக்கிரம் எழும்பும், சுவர் கனம் குறைவு, மாடிக்குப் பாரம் ஏறாது. வாடகைக்கு விடுகிறவன் விட்ருவியஸையா கேட்பான்?

வெண்பூசணி:
அப்படியானால் ஊரில் பாதிப் பேர் இந்த மாதிரி மாடிக் குடித்தனம்தானா? எங்களுக்குக் காட்டியதெல்லாம் பெரிய வீடுகள். ஃபான் வீடு என்று ஒன்று, நடந்து கால் வலித்தது.

பழஞ்சுவடி:
ஃபான் வீடு ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர், ஒரு தெருத்தொகுதி முழுக்க ஒரே வீடு. அதை ரோமானிய வீடு என்று பாடப்புத்தகத்தில் வரைவதால் வந்த வினை. ஊரின் மக்கள்தொகையைப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்கிற அளவில் மதிப்பிடுகிறார்கள். அத்தனை பேரும் முற்றம் வைத்த வீட்டில் இருக்க முடியாது.

மற்றவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு ஒரு வாடகை விளம்பரமே இருக்கிறது. க்னேயஸ் அல்லேயஸ் நிகிடியஸ் மாயுஸ் என்ற பெரிய மனிதர், தன் கட்டடத் தொகுதியை ஜூலை முதல் தேதியிலிருந்து வாடகைக்கு விடுவதாகச் சுவரில் எழுதவைத்தார். என்னென்ன? பரணோடு கூடிய கடைகள், வசதியான மாடிப் பகுதிகள், ஒரு வீடு. பிரிமுஸ் என்ற தன் அடிமையைப் பார்க்கச் சொல்கிறார். ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற அம்மாளும் இதேபோல ஐந்து வருஷக் குத்தகைக்குக் குளிப்பகம், கடைகள், பரண், மாடி அறைகள் என்று விளம்பரம் எழுதியிருக்கிறார். கடைக்காரன் கடையில்தான் குடியிருந்தான். கீழே வியாபாரம், மேலே பரணில் குடும்பம்.

செங்கல்சூளை:
அந்தப் பரணை இன்றைக்கும் கண்டுபிடிக்கலாம், வழிகாட்டி சொல்ல மாட்டார். தெருவோரக் கடைக்குள் நுழைந்து பக்கச் சுவரைப் பாருங்கள். தலைக்கு மேலே ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுர ஓட்டை இருக்கும், உத்தரக்கட்டை செருகியது. மூலையில் இரண்டு மூன்று கல்படி ஏறி அந்தரத்தில் நிற்கும். அதற்கு மேல் மரப்படி, அது போய்விட்டது. வாசல் நிலைக்கல்லில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். பலகைகளை ஒவ்வொன்றாக அதில் தள்ளிக் கடையை மூடுவார்கள். பள்ளம் ஒரு ஓரத்தில் நின்றுபோய் அங்கே மட்டும் கதவு சுழல்கிற குழி இருக்கும். ராத்திரி கடை மூடிய பிறகு வீட்டு ஆள் போய்வருகிற கதவு அது. இந்த மூன்றும் இருந்தால் அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு வெளியேதான். ஊரில் 40 பக்கம் தெருக் குழாய்த்தொட்டிகள். நகரின் உச்சியில் வெசூவியஸ் வாசலில் தண்ணீர் பிரிக்கும் கட்டடம், அங்கிருந்து இறங்கும் அழுத்தத்தைக் குறைக்க நடுநடுவே ஈயத்தொட்டி வைத்த கோபுரங்கள். தொட்டி வாய்க்குப் பக்கத்துக் கல்லைப் பாருங்கள், குனிந்து குடிக்கும்போது கை ஊன்றி ஊன்றி வழவழவென்று பள்ளமாகியிருக்கும். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் தெருவில்தான் ஓடும், குப்பையும் சாணியும் அதோடு போகும். தெருவைக் கடக்கப் பெரிய பெரிய கல் போட்டிருப்பது அதற்குத்தான். வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டு.

குளியலும் வெளியேதான், பொதுக் குளிப்பகம். சில பணக்காரர்களிடம்தான் வீட்டில் குளிப்பறை.

பாலை_நிலவன்:
கடை, பரண் எல்லாம் சரி. அடிமைகள் எங்கே தூங்கினார்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. நாம் ரசிக்கிற ஓவியக் கூடத்தைத் துடைத்தது அவர்கள்தானே.

2021இல் பாம்பேய்க்கு வெளியே சிவிதா ஜூலியானா பண்ணை வீட்டில் ஓர் அறை கிடைத்தது. 16 சதுர மீட்டர். மூன்று கட்டில், மரச்சட்டத்தில் கயிறு கட்டியது. அதில் ஒன்று 1.40 மீட்டர்தான் நீளம், குழந்தைக்கு இருக்கலாம். மரப்பெட்டி, மூலையில் அடுக்கிய சாடிகள், கட்டிலுக்கு அடியில் சிறுநீர்ப் பானை. உச்சியில் ஒரு சின்ன ஜன்னல், சுவரில் ஓவியம் எதுவும் இல்லை. அது படுக்கையறையும் சாமான் அறையும் ஒன்றாகச் சேர்ந்தது. 2023இல் ஒன்பதாம் வட்டாரத்தில் ஒரு பேக்கரி. வெளியுலகம் தெரியாத அடைப்பு, சின்ன ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. கழுதை சுற்றிச் சுற்றி வரத் தரையில் தடம் வெட்டியிருக்கிறது. ஆட்களையும் கழுதையையும் சேர்த்துப் பூட்டிவைத்து மாவு அரைத்திருக்கிறார்கள். எட்டுத் துண்டு ரொட்டியின் மறுபக்கம் அது.

கொத்தமல்லி:
வாயடைத்துவிட்டீர்கள்.

வெண்பூசணி:
நன்றி. இதையெல்லாம் கேட்டபிறகு இன்னொரு சந்தேகம். பெரிய வீட்டிலும் அறைகள் சின்னச் சின்னதாக இருட்டாக இருந்தன. முற்றம் மட்டும் காலியாக விரிந்து கிடந்தது. துணிமணி, தட்டுமுட்டுச் சாமான் எங்கே வைத்தார்கள்? குழந்தைகள், பெண்கள் பகலில் எங்கே இருந்தார்கள்?

பழஞ்சுவடி:
அந்தக் காலி முற்றம் நம்மை ஏமாற்றுகிறது. பினெலோப்பி ஆலிசன் என்ற ஆய்வாளர் 30 பாம்பேய் வீடுகளை எடுத்துக்கொண்டு, எந்த அறையில் எந்தச் சாமான் கிடைத்தது என்று பழைய தோண்டல் குறிப்புகளைத் தேடித் தொகுத்தார். முற்றத்தில் அலமாரி, பெட்டி, பாத்திரம், தறிக்கல் எல்லாம் கிடைத்திருக்கின்றன. மரம் மக்கிவிட்டாலும் அலமாரிக் கதவின் எலும்புக் கீல்கள் வரிசையாகக் கிடக்கும், அதை வைத்துச் சொல்லலாம். காலையில் ஆட்கள் வந்து வணங்கிய அதே இடத்தில், அவர்கள் போன பிறகு நெய்தார்கள், சாமான் எடுத்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள். வெளிச்சம் வருகிற இடம் அதுதான். ஒரு அறை ஒரே வேலைக்கு என்று அவர்கள் பிரிக்கவில்லை. தூங்கும் அறை இருட்டாக இருந்தால் என்ன, பகலில் அங்கே யாருக்கு வேலை?

நாப்போலித் தம்பி:
இதுக்கும் ஹெர்குலேனியத்தில் ஒரு சாட்சி இருக்கு. மரத்தடுப்பு வீடு என்று பெயர். முற்றத்துக்கும் எசமானர் கூடத்துக்கும் நடுவில் மடக்கிற மரக்கதவு, கரியாகி அப்படியே நிற்கிறது, வெண்கலக் கொக்கியில் விளக்கு மாட்டலாம். வேண்டும் என்றால் திறந்து காட்டுவார்கள், வேண்டாம் என்றால் சாத்திவிடுவார்கள். பாம்பேயில் அந்த மரம் போனதாலே எல்லாம் திறந்து கிடந்த மாதிரித் தெரியுது.

இன்னொன்று, பாலை_நிலவன் அண்ணை கேட்கிற மாதிரி சாதாரண ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றும் அங்கே தெரியும். ஐந்தாம் கார்தோ தெருவில் கடைகளும் மாடிக் குடித்தனங்களும் இருந்த தொகுதிக்குக் கீழே 86 மீட்டர் நீளச் சுரங்கம். மேலே இருந்த கக்கூஸும் குசினிக் கழிவும் விழுந்து சேர்ந்தது. அதை 750 மூட்டை அளவுக்கு அள்ளிச் சலித்துப் பார்த்தார்கள். மீன் முள், சிப்பி ஓடு, முட்டை ஓடு, அத்தி விதை, ஒலிவ் கொட்டை. பரணில் இருந்த சனம் வெறும் ரொட்டியும் கஞ்சியும் மட்டும் சாப்பிடவில்லை. அந்தச் சின்னக் குசினி மூலையில் மீனும் பொரிந்திருக்கு.

பாலை_நிலவன்:
அது கடலோரப் பணக்கார ஊர், எல்லா ரோமானிய நகரத்துக்கும் பொருத்த வேண்டாம். ரோமில் ஆறேழு மாடி ஏறி இருந்தவன் நிலைமை வேறு. பேரரசர் அகஸ்டஸ் 70 அடிக்கு மேல் கட்டாதே என்று சட்டம் போடுகிற அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள்.

நாப்போலித் தம்பி:
ஓம், அது சரி. அந்த உயரக் கட்டடம் பார்க்க ஒஸ்தியா போக வேண்டும், ரோமில் இருந்து கிட்ட.

வெண்பூசணி:
ஆளுக்கொரு ஊர் சொல்கிறீர்கள், விசா எனக்கு யார் எடுத்துத் தருவது! அடுத்த வருஷம் மகள் வேலை விஷயமாக நாப்போலி போகிறாள், ஒரு நாள் கிடைக்குமாம். என்ன பார்க்கச் சொல்லட்டும்?

நாப்போலித் தம்பி:
காலையில் சிர்கும்வெசுவியானா ரயில் எடுத்து எர்கொலானோ ஸ்காவியில் இறங்கச் சொல்லுங்கோ. கடல் பக்கமாக நேரே இறக்கத்தில் நடந்தால் வாசல். மேலே பாலத்தில் நின்று முழு ஊரையும் பார்த்துவிட்டு இறங்கட்டும். கிராத்திச்சியோ, மரத்தடுப்பு வீடு, ஐந்தாம் கார்தோ, மூன்றும் கிட்டக் கிட்டத்தான், அரை நாள் போதும். பின்னேரம் நாப்போலி அருங்காட்சியகம், கரியான ரொட்டியும் வெண்கலச் சட்டிகளும் அங்கே இருக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் போக வேண்டாம், அன்றைக்கு அருங்காட்சியகம் பூட்டு.